சொல்லும் தொண்டும்: ஈழ ஏதிலிப் பெண்களும் புகலிட நாடுகளும்

போரினாலும் அடக்குமுறையினாலும் பிறந்த மண்ணை விட்டு வெளியேற நேர்ந்தவர்களின் தொகை 2024ஆம் ஆண்டின் இறுதியில் 12 கோடியைத் தாண்டியிருந்தது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்களும் சிறுமியரும் ஆவர். இப்பெண்கள் புகலிடம் பெற்ற நாடுகளில் தங்கள் வாழ்வை எவ்வாறு எடுத்துரைத்தார்கள், அந்நாட்டுச் சமூகத்துக்கு எவ்வகையில் உழைத்தார்கள், அந்தச் சொல்லும் உழைப்பும் எப்படி மதிப்பிடப்பட்டன என்னும் வினாக்களை ஒரு குறிப்பிட்ட மக்கள் கூட்டத்தை முன்வைத்து ஆராய்வது பயன் தரும். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பின் இலங்கையிலிருந்து வெளியேறிய தமிழ்ப் பெண்களின் வரலாறு அவ்வாய்வுக்கு மிகவும் பொருத்தமானது. ஒரே போர், ஒரே ஊர்கள், பல வேளைகளில் ஒரே குடும்பம் என்றிருந்தும், படகேறித் தமிழ்நாட்டின் மண்டபத்தில் இறங்கிய தங்கைக்கும் விமானமேறி ஒஸ்லோவிலோ டொராண்டோவிலோ இறங்கிய அக்காவுக்கும் வாய்த்த வாழ்வுகள் முற்றிலும் வேறாயின. அவர்களின் ஆற்றலிலோ முயற்சியிலோ பெரிய வேறுபாடு இருந்ததாகச் சொல்ல இயலாது. புகுந்த நாட்டின் சட்டமே வேறுபட்டிருந்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். 'அகதி' என்பது கதியற்றவர், போக்கிடம் இல்லாதவர் என்னும் பொருளில் வழங்கும் சொல். 'ஏதிலி' என்பதை ஈழத்து எழுத்தாளர்களும் தொண்டு அமைப்புகளும் அதற்கு மாற்றாகக் கையாண்டனர். குறளில் 'ஏதிலார்' என்பது அயலாரைக் குறிப்பதால், இச்சொல்லில் ஆதரவற்ற நிலையோடு அயன்மையும் சேர்ந்து ஒலிக்கிறது. 'புலம்பெயர்ந்தோர்' என்னும் தொடர் பெரும்பாலும் ஐரோப்பா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் வாழ்வோரைச் சுட்டவே பயன்படுகிறது. தமிழ்நாட்டு முகாம்களில் உள்ளவர்களைப் புலம்பெயர்ந்தோர் என்று எவரும் அழைப்பதில்லை. சங்கப் பாடல்கள் வேங்கடத்துக்கு அப்பாலுள்ள நிலத்தை 'மொழிபெயர் தேயம்' என்றன. அவ்வகையில் பார்த்தால், மொழி மாறாத நிலத்துக்கு வந்தவர்கள் அகதிகளாகவே நிற்க, மொழி மாறிய நிலங்களுக்குப் போனவர்கள் குடிமக்களானார்கள் என்பது இவ்வரலாற்றின் வலி மிகுந்த முரண்.

ஏதிலிப் பெண் புதிய நாட்டில் முதன்முதலாகத் தன் கதையைச் சொல்லும் இடம் மேடையோ புத்தகமோ இல்லை, அது ஓர் அலுவலகம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்து காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க அச்சம் கொண்டவரை அகதி என வரையறுக்கிறது. அப்பட்டியலில் பால் இடம்பெறவில்லை. பெண் என்பதற்காகவே ஒருவர் அனுபவிக்கும் கொடுமையை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்ற கேள்வி நெடுங்காலம் விடையின்றிக் கிடந்தது. 1993 மார்ச்சில் கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் வாரியம், பால் சார்ந்த துன்புறுத்தலுக்கு அஞ்சிப் புகலிடம் கோரும் பெண்களுக்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டபோதுதான் ஒரு நாடு இதற்கு முறையான விடை தேட முன்வந்தது. அதற்கு முன்னும், பல நாடுகளில் அதற்குப் பின்னும், மனைவியின் விண்ணப்பம் கணவனின் விண்ணப்பத்துக்குள் அடங்கிவிட்டது. அவன் வாக்குமூலத்தில் அவள் ஒரு வரியாக மட்டுமே இருந்தாள்.

புகலிட விசாரணை என்பது அதிகாரி கேள்வி கேட்க, விண்ணப்பிப்பவர் தமக்கு நேர்ந்ததை நாள், இடம், ஆள் அடையாளத்துடன் விவரிக்கும் நடைமுறை. முதல்முறை சொன்னதும் இரண்டாம் முறை சொன்னதும் ஒத்துப்போக வேண்டும்; ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் நம்பகத்தன்மை அற்றதெனத் தள்ளப்படக்கூடும். ஆனால், பேரதிர்ச்சிக்கு உள்ளானவரின் நினைவு தேதி வரிசையில் ஒழுங்காக அமைவதில்லை என்பதும், உடல்மீதான வன்முறையை அந்நிய ஆண் அதிகாரி முன்னும் தன் ஊர்க்கார மொழிபெயர்ப்பாளர் முன்னும் ஒரு தமிழ்ப் பெண் உடனே வாய்திறந்து சொல்லிவிடமாட்டாள் என்பதும் எளிதில் விளங்கக்கூடியவை. முதல் விசாரணையில் மறைத்ததை இரண்டாம் விசாரணையில் சொன்னால் அது புதிதாகக் கட்டியதாகக் கருதப்பட்டது. இப்படி, தன் கதையைச் சொல்வது என்னும் செயல் உயிர் பிழைப்பதற்கான தேர்வாக மாறியபின், அதே பெண்ணிடம் வேறொரு மேடையில் 'உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்' என்று கேட்பவர்கள், அவள் ஏற்கெனவே எத்தனை முறை அதைப் பகிர நிர்ப்பந்திக்கப்பட்டாள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த நெருக்கடி தமிழ்ப் பெண்களுக்கு மட்டும் உரியதன்று. இராக்கின் சிஞ்சார் பகுதியில் 2014இல் கடத்தப்பட்டுத் தப்பி, ஜெர்மனியில் புகலிடம் பெற்ற யாசிதிப் பெண் நாதியா முராத், 2018இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். தம் கதையை ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு அவை முதல் செய்தியாளர் கூட்டங்கள்வரை திரும்பத் திரும்பச் சொல்ல நேர்ந்தவர். அவர் பெயரால் 2022இல் வெளியிடப்பட்ட 'முராத் நெறி', போர்க்காலப் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களிடம் தகவல் திரட்டுவோர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று வகுத்துரைக்கிறது. சொல்பவரின் கடமையைப் பற்றியே பேசிவந்த உலகில், கேட்பவரின் கடமையை எழுத்தில் வடித்தது அந்நெறியின் சிறப்பு. அது தமிழ்ச் சூழலில் இன்னும் போதிய கவனம் பெறவில்லை.

விசாரணை அறைக்கு வெளியே, தாமே தேர்ந்த சொற்களில் தம்மவரிடையே பேசும் இடத்தை ஈழப் பெண்கள் தாங்களே உருவாக்கிக்கொண்டார்கள். அதற்கான வித்து ஊரிலேயே இடப்பட்டிருந்தது. 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'சொல்லாத சேதிகள்' என்னும் பெண்கள் கவிதைத் தொகுப்பு, போரையும் வீட்டையும் ஒருங்கே கேள்விக்குள்ளாக்கிய குரல்களைத் திரட்டித் தந்தது. ஆனால், அக்குரல்களுக்கு அங்கே நிலைக்க இடமில்லாமல் போயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவரும், எல்லாத் தரப்பினரின் வன்முறையையும் பதிவு செய்தவருமான ரஜனி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்; கவிஞர் சிவரமணி 1991இல் தம் கவிதைகளை எரித்துவிட்டு உயிர்துறந்தார்; கவிஞர் செல்வி அதே ஆண்டில் கொண்டுசெல்லப்பட்டு மீளவேயில்லை. அரசுப் படைக்கும் ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கத்துக்கும் இடையில் நின்று பேசிய பெண்ணுக்கு நாடு முழுவதும் ஆபத்தான இடமாகிவிட்ட காலம் அது.

அந்தப் பேச்சு கடல் கடந்து தொடர்ந்தது. 1990இல் ஜெர்மனியில் தொடங்கிய 'பெண்கள் சந்திப்பு' பின்னர் ஐரோப்பாவின் பல நகரங்களிலும் கனடாவிலும் கூடியது. பெரிய நிதியோ அலுவலகமோ இன்றி, சமையலறை வேலையையும் துப்புரவு வேலையையும் முடித்துவிட்டு ரயிலேறி வந்த பெண்கள், ஒருவர் வீட்டிலோ வாடகை மண்டபத்திலோ கூடிச் சீதனம், குடும்ப வன்முறை, சாதி, போர், புகலிட நாட்டின் இனவெறி ஆகியவற்றைப் பற்றி விவாதித்தார்கள். நார்வேயிலிருந்து வந்த 'சக்தி' போன்ற சிற்றிதழ்களும், 'மறையாத மறுபாதி', 'புது உலகம் எமை நோக்கி' ஆகிய தொகுப்புகளும் அந்தப் பத்தாண்டின் விளைச்சல்கள். இவ்வெழுத்துகளின் இலக்கியத் தரம் ஏற்ற இறக்கமானது என்று குறை கூறிய விமர்சகர்கள் உண்டு. அக்குறையில் உண்மை இருக்கலாம். ஆயினும் அவற்றின் மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. புகலிட அதிகாரிக்குச் சொல்ல வேண்டிய கதையில் இராணுவம் மட்டுமே கொடுமை செய்ய முடியும். நன்கொடை மேடையில் சொல்ல வேண்டிய கதையில் பெண் கண்ணீர் மட்டுமே வடிக்க முடியும். இவ்விரண்டிலும் இடம்பெறாத கணவனின் அடி, இயக்கத்தின் மிரட்டல், முதன்முறை தன் கையில் வந்த சம்பளத்தின் மகிழ்ச்சி ஆகிய யாவும் இந்தச் சிற்றிதழ்ப் பக்கங்களில்தான் இடம்பெற்றன.

அடுத்த தலைமுறை வேறு வடிவங்களைக் கைக்கொண்டது. லண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் கழித்து, தாயுடன் அகதியாக மீண்டும் லண்டன் சேர்ந்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் தந்தையின் பெயரை ஓர் இசைத்தொகுப்புக்கும் தாயின் பெயரான கலாவை இன்னொன்றுக்கும் சூட்டி, ஈழ அகதியின் அனுபவத்தை உலக இசைச் சந்தையின் நடுவில் கொண்டுபோய் வைத்தார்.

தமிழ்நாட்டு முகாம்களில் நிலைமை வேறு. 1983 முதல் பல அலைகளாக 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கு வந்து, அவர்களுள் பலர் திரும்பிச் சென்றபின், 2021ஆம் ஆண்டுக் கணக்கில் 108 முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேரும், காவல் நிலையத்தில் பதிந்து முகாமுக்கு வெளியே ஏறத்தாழ 34 ஆயிரம் பேரும் வாழ்ந்தனர். இத்தனை ஆண்டுகளில் முகாம் வாழ்வைப் பற்றி அச்சேறிய நூல்கள் சொற்பம். பரவலாக அறியப்பட்ட தொ. பத்திநாதனின் 'போரின் மறுபக்கம்' ஓர் ஆண் எழுதியது. தமிழ் பேசும் நாட்டில், தமிழ் அச்சகங்களுக்கும் பதிப்பகங்களுக்கும் நடுவில் வாழ்ந்த பெண்களின் குரல் ஜெர்மனியில் வாழ்ந்தவர்களின் குரலைவிடக் குறைவாகக் கேட்டதன் காரணங்கள் வெளிப்படையானவை. 1991 மே மாதத்தில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி ஈழப் போராளி இயக்கத்தால் கொல்லப்பட்டபின் முகாம்கள் மாநிலக் காவல்துறையின் உளவு அமைப்பான கியூ பிரிவினுடைய கடும் கண்காணிப்புக்குள் வந்தன. முகாமில் 'செக்கிங்' எனப்படும் வருகைப் பதிவுக்கு ஆள் நேரில் நிற்க வேண்டும். வெளியூர் போக அனுமதி வேண்டும். பேசினால் யாருக்கு எந்த வழக்கு வருமோ, எவருடைய உதவித்தொகை நிற்குமோ என்ற அச்சம் இருக்கும் இடத்தில் தன்வரலாறு தழைப்பது அரிது. ஒரே அறையில் மூன்று தலைமுறை வாழும் பத்தடிக்குப் பத்தடி வீட்டில், எழுதுவதற்குத் தனியிடம் கிடைக்காததையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

எழுத்தில் வெளிவராமல் அடங்கியிருந்த ஆற்றல் தொண்டில் வெளிப்பட்டது. 1984இல் எஸ். சி. சந்திரகாசன் முன்னின்று தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளே அகதிகளுக்காக நடத்திய அமைப்பு. அதன் களப்பணியில் முகாம்களைச் சேர்ந்த இளம்பெண்களுக்குப் பெரும்பங்கு இருந்தது. பாலர் வகுப்பு, மாலைநேரப் படிப்பு, தாய்-சேய் நலம், ஊட்டச்சத்துக்கான சுருள்பாசி வளர்ப்பு, மகளிர் சுய உதவிக் குழு, பிறப்பைப் பதிவு செய்து சான்று பெறுதல் என விரிந்த அப்பணிகளுள் கடைசியாகச் சொன்னது புறப்பார்வைக்குச் சிறியதாகத் தோன்றினும் மிக ஆழமானது. முகாமில் பிறந்த குழந்தைக்குச் சான்று இல்லையெனில், அது இந்தியக் குடியும் ஆகாது, இலங்கைக் குடியென்று மெய்ப்பிக்கவும் முடியாது. நாடற்ற நிலை என்று சட்டம் குறிப்பிடும் அந்தப் பள்ளத்தில் ஒரு தலைமுறையே விழாமல் தடுக்க இவ்வமைப்பின் தொண்டர்கள் வீடுவீடாகச் சென்று ஆவணங்களைத் திரட்டினார்கள்.

இத்தொண்டு முகாமின் வேலிக்குள் நின்றுவிடவும் இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை தமிழகக் கரையைச் சிதைத்தபோது, முகாம்களிலிருந்து சென்ற தன்னார்வலர்கள் கடலோர ஊர்களில் நிவாரணப் பணியிலும், உளவள ஆற்றுப்படுத்தல் எனப்படும், பேரிழப்பில் உறைந்துபோனவரை அருகிருந்து பேசவைத்து மெல்ல இயல்புக்குக் கொணரும் பணியிலும் ஈடுபட்டனர். உறவைக் கடலுக்குக் கொடுத்தவளின் முன் அமர்வதற்கு, உறவைப் போருக்குக் கொடுத்து ஒரே இரவில் வீடிழந்தவளைவிடத் தகுதியானவர் யார்? கதை சொல்வதும் தொண்டாற்றுவதும் இங்கே ஒன்றாகவே ஆயின. தன் இழப்பை ஒரு வரியில் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவளின் இழப்பை மணிக்கணக்காகக் கேட்டதே அந்தத் தொண்டின் உள்ளீடு. தமிழ்நாட்டு மக்களிடம் அடைக்கலம் பெற்றவர்கள் அம்மக்களின் பேரிடரில் தோள் கொடுத்த இந்நிகழ்வு தமிழக வரலாற்று நூல்களில் உரிய இடம் பெறவில்லை என்பது வருந்தத்தக்கது.

மேலை நாடுகளில் தொண்டு என்னும் சொல்லையே சற்றுக் கவனமாக அணுக வேண்டியிருக்கிறது. நார்வேயின் வடகோடியான பின்மார்க்கில், இளைஞர்கள் தெற்கே போய்விட ஆளற்றுப்போன மீன்பிடி ஊர்களின் தொழிற்சாலைகளை இயக்கியவர்களில் தமிழ் ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் உணவகச் சமையலறை, மருத்துவமனைத் துப்புரவு, முதியோர் இல்லப் பராமரிப்பு ஆகிய வேலைகளில் தமிழ்ப் பெண்கள் நிறைந்தார்கள். படுக்கையிலிருந்து எழ முடியாத ஒரு முதியவரை நாள்தோறும் குளிப்பாட்டி உணவூட்டுவது எந்த அளவுகோலாலும் சமூகத் தொண்டே; ஆனால் அதற்குச் சம்பளம் தரப்படுவதாலும், அச்சம்பளம் குறைவென்பதாலும், அது விருது மேடைகளில் எண்ணப்படுவதில்லை. ஏதிலிப் பெண் ஊதியமின்றிச் செய்வதை மட்டும் போற்றி, குறைந்த ஊதியத்துக்குச் செய்வதைக் காணாதிருப்பது பாராட்டாகாது. அவள் நன்றிக்கடன் கழிக்க வந்தவள் என்ற எண்ணம் அதன் அடியில் கிடக்கிறது. அகதியைக் காப்பது உடன்படிக்கையில் ஒப்பமிட்ட நாடுகளின் கடமை, அதற்கு அவள் வட்டி கட்டத் தேவையில்லை.

ஊதியமற்ற பணியில் மிகப் பெரியது தமிழ்ப் பள்ளி. வார இறுதிகளில் அந்தந்த நாட்டுப் பள்ளிக் கட்டடங்களை வாடகைக்கு எடுத்து நடத்தப்படும் இவ்வகுப்புகளில் கற்பிப்போரில் பெரும்பான்மையினர் பெண்கள். வாரம் முழுதும் வேலைக்குப் போய்விட்டுச் சனிக்கிழமை காலையில் அரிச்சுவடி கற்பித்தவர்கள். மொழி காத்தார்கள் என்று மட்டும் இதைப் புகழ்வது போதாது. பிள்ளையை அழைத்துவரும் தாய்மார் ஒருவரை ஒருவர் சந்திக்கவும், மருத்துவர் எழுதிய கடிதத்தை எவரிடம் காட்டுவது, கணவன் அடித்தால் எங்கே போவது என்று தாழ்ந்த குரலில் விசாரிக்கவும் வாய்த்த இடம் அந்தப் பள்ளியின் தாழ்வாரமே. அதேபோல், மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் மொழிபெயர்ப்பாளராக நின்ற பெண்கள், தம் கதையைச் சொல்லாமல் அடுத்தவரின் கதையைத் தம் வாயால் வேற்று மொழியில் சொல்லும் பணியை ஏற்றார்கள். அப்பணியின் மனச்சுமை பெரிது, அதைப் பற்றிய பதிவோ மிகக் குறைவு.

இவ்வடித்தளத்தின் மீதுதான் அடுத்த தலைமுறையின் அரசியல் பங்கேற்பு எழுந்தது. யாழ்ப்பாணத்தில் 1981இல் பிறந்து ஐந்து வயதில் கனடா சென்ற ராதிகா சிற்சபைஈசன், 2011இல் கனடிய நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் தமிழர் ஆனார். 1988இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நார்வே சேர்ந்த கம்சி குணரத்தினம், 2011 ஜூலை 22 அன்று உத்தோயா தீவில் இளைஞர்கள்மீது நடந்த படுகொலையிலிருந்து நீந்தித் தப்பி, 2015இல் ஒஸ்லோவின் துணை மேயராகவும் 2021இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். 1983 வன்முறைக்குப் பின் குடும்பத்தோடு வெளியேறிய சமந்தா ரத்தினம், ஆஸ்திரேலியாவில் சமூகப் பணியாளராக இருந்து விக்டோரியா மாநிலப் பசுமைக் கட்சியின் தலைவராக உயர்ந்தார். இவர்களின் வெற்றி தனித்திறனின் விளைவு என்பதில் ஐயமில்லை. எனினும், இவர்கள் வளர்ந்த நாடுகளில் புகலிடம் நிரந்தர வதிவுக்கும் வதிவு குடியுரிமைக்கும் இட்டுச் சென்றது என்பதையும், வாக்காளராக ஆக முடிந்ததால்தான் வேட்பாளராகவும் ஆக முடிந்தது என்பதையும் மறந்தால் அத்திறனைச் சரியாக விளங்கிக்கொள்ள முடியாது.

இதற்கு மாறாக, இந்தியா 1951 உடன்படிக்கையிலோ அதை விரிவாக்கிய 1967 நெறிமுறையிலோ ஒப்பமிடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இயற்றவில்லை. முகாமில் இருப்பவர் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவர். உரிய ஆவணமின்றி வந்தவராயின், 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சட்டவிரோதக் குடியேறி. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அந்நாள் முதல் 2004 டிசம்பர் 3க்கு முன்புவரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாக வேண்டும். அதன்பின் பிறந்தவருக்கு மற்றவரும் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளைச் சேர்ந்தோருக்கு மட்டும் வழி திறந்து, இலங்கைத் தமிழரை வெளியே நிறுத்தியது. 2025இல் நடைமுறைக்கு வந்த, வெளிநாட்டவர் பற்றிய புதிய சட்டத்தின் கீழ், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. சிறை அச்சம் நீங்கியதேயொழியக் குடியுரிமை வரவில்லை. மாநில அரசின் அணுகுமுறை இதைவிடக் கனிவானது: 2021இல் முகாம்கள் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றம் பெற்றன, உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாயாக உயர்ந்தது, பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தரும் பணி அறிவிக்கப்பட்டது. ஆயினும் குடியுரிமை ஒன்றிய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டதாகையால், முகாமில் பிறந்து தமிழ்நாட்டுப் பாடநூலைப் படித்துப் பட்டம் பெற்ற பெண்ணுக்கு அரசுப் பணியின் கதவு பெரும்பாலும் அடைபட்டே கிடக்கிறது; பட்டதாரியான பின்னும் துணிக்கடையிலோ கூலி வேலையிலோ நின்றுகொண்டு, மாலையில் முகாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறாள்.

1986இல் மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த பெண் ஒருவர், தம் பிறந்த நாள் 1987 ஜூலைக்கு முந்தியது என்பதைச் சுட்டி உயர் நீதிமன்றத்தை அணுகி, 2022இல் தமக்குச் சார்பான தீர்ப்பைப் பெற்று, 2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். முகாமிலிருந்து சென்று வாக்களித்த முதல் ஆள் அவர் என்று செய்தித்தாள்கள் எழுதின. அதே முகாமில் அவருக்கு இரண்டொரு ஆண்டு இளையவர்களாய்ப் பிறந்த பெண்களுக்கு, இருவருமே ஏதிலியரான பெற்றோருக்குப் பிறந்திருந்தால், அத்தீர்ப்பு பொருந்தாது.